மூன்றாவது சிவப்பு விளக்கு



காரின் முன்விளக்கு ஓட்டுபவருக்கு வழி காட்டும். பின்விளக்கு பின்னாடி வர்றவருக்குச் செய்தி சொல்லும். அந்தச் செய்தி தெளிவாக இல்லாவிட்டால் விபத்துதான்.

பழைய கார்களில் பின்னால் இரண்டு பக்கம் மட்டும்தான் சிவப்பு விளக்கு. இரவில் அது மங்கலாக எரியும். பிரேக் மிதித்தால் அதே இடத்தில் பளிச்சென்று எரியும். தூரத்தில் வருகிறவருக்கு, சும்மா எரியுதா, பிரேக் பிடிச்சதால எரியுதா என்று சட்டெனத் தெரியாது.

அமெரிக்காவில் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியல் அறிஞர், சான்பிரான்சிஸ்கோ டாக்சிகளின் பின்பக்கம் நடுவில் தனியாக ஓர் எச்சரிக்கை விளக்கு பொருத்திப் பார்த்தார். அந்த டாக்சிகளைப் பின்னால் வந்து இடிப்பது சுமார் 60 சதவீதம் குறைந்தது என்று 1974-ல் எழுதினார். பிறகு அந்நாட்டு அரசு, 1986 மாடல் முதல் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் மூன்றாவது பிரேக் விளக்கைக் கட்டாயமாக்கியது.

அதன் நன்மைகள்:

1. பிரேக் பிடித்தால் மட்டுமே எரியும். குழப்பம் இல்லை.

2. நடுவில், உயரமாக இருக்கும். இடையில் ஒரு கார் போனாலும், அதன் கண்ணாடி வழியாக அடுத்த கார்க்காரருக்கும் தெரியும்.

இப்போது ஒரு கணக்கு. குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை சூடாகி நன்றாக ஒளிர சுமார் 0.2 விநாடி ஆகும். எல்.இ.டி. விளக்கு உடனே எரிந்துவிடும். பின்னால் வரும் காரின் வேகம் மணிக்கு 60 கி.மீ. என்றால்,

60 × 5/18 = 16.7 மீ/விநாடி
தூரம் = 16.7 × 0.2 = 3.3 மீட்டர்

கிட்டத்தட்ட 11 அடி! இடிக்காமல் நிற்க அந்த 11 அடியே போதுமானதாக இருக்கலாம்.

ஆனால் 1998-ல் அமெரிக்க அரசு ஆராய்ந்தபோது, மூன்றாவது விளக்கால் பின்னால் இடிக்கும் விபத்து நீண்டகாலத்தில் 4.3 சதவீதம்தான் குறைந்திருந்தது. புதுசா இருந்தப்போ எல்லோரும் கவனித்தார்கள், அப்புறம் பழகிப்போச்சு. ஆகவே விளக்கு மட்டும் போதாது, இடைவெளி விட்டு ஓட்டுவதும் அவசியம்.

விளக்கே இல்லாத வண்டியை என்ன சொல்வது? எங்க அப்பா கரும்பு லோடு டிராக்டர் ஓட்டுகிறார். டிரெய்லருக்குப் பின்னால் விளக்கு கிடையாது. ராத்திரி லோடு போனால் அம்மா தூங்குறதில்லை. சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கராவது ஒட்டுங்கப்பா என்றேன். "ஒட்டலாம் பாப்பா" என்றார். இன்னும் ஒட்டலை. நானும் தினமும் கேட்கிறேன்.

நீங்களும் இன்று சாயங்காலம் உங்கள் வீட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்று பாருங்கள். விளக்கு எரிகிறதா? சேறு மூடியிருக்கிறதா? துணியால் துடைக்க ஒரு நிமிடம் போதும்.

— 9-ஆம் வகுப்பு மாணவி