ஏரியின் இயக்கமும் பராமரிப்பும்: யார் எதற்குப் பொறுப்பு?

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில், திருவாலங்காட்டுக்கு முந்திய நிலையம் மணவூர். சோழர் காலத்தில் மணவிற்கோட்டம் என்று ஒரு பெரும் நாட்டுப் பிரிவுக்கே பெயர் தந்த ஊர் இது. அடுத்துள்ள திருவாலங்காட்டில் கிடைத்த முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகள், பக்கத்துப் பழையனூரைக் கோயிலுக்குக் கொடையாக அளித்ததைக் கூறுவன. இவ்வட்டாரத்தில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், மூன்று மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடும். அந்த நீரை ஏரியில் பிடித்து வைத்தால்தான் சம்பாவும் நவரையும் உண்டு.

ஏரி என்பது நீர் மட்டுமன்று. கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால், போக்குக்கால், கழனிக்கால் ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒரு பொதுச் சொத்து. எந்தப் பொதுச் சொத்துக்கும் மூன்று பொறுப்புகள் உண்டு. அது யாருடையது என்பது ஒன்று. அதை நாள்தோறும் இயக்குவோர் யார் என்பது மற்றொன்று. தேய்ந்ததையும் உடைந்ததையும் சரி செய்வோர் யார் என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் இருந்தாக வேண்டும். நம் ஏரிகளில் பெரும்பாலும் முதலாவது மட்டுமே தெளிவாக உள்ளது.

நூற்றைம்பது ஆண்டுகட்கு முந்திய ஒரு வழக்கு

திருத்தணி வட்டாரம் முன்னர் கார்வேட்டி நகர் ஜமீனைச் சேர்ந்திருந்தது. அந்த ஜமீனின் ஏரிகள் பெருமழையில் உடைந்து ரயில் பாலங்களை அடித்துச் சென்றன. நட்டத்தை ஜமீன்தார் தர வேண்டும் என்று மதராஸ் ரயில்வே கம்பெனி வழக்குத் தொடுத்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1874ஆம் ஆண்டு தீர்ப்பாயிற்று.

தன் நிலத்தில் ஒருவர் நீரைத் தேக்கி அது உடைந்து பிறருக்குக் கேடு செய்தால், கவனக்குறைவு இல்லாவிடினும் அவரே பொறுப்பு என்பது அன்றைய ஆங்கில நாட்டுச் சட்டம். கம்பெனி அதையே எடுத்துக் கூறியது. நீதிபதிகள் ஏற்கவில்லை. இந்நாட்டு ஏரிகள் தனி ஒருவர் விருப்பத்துக்காக வெட்டப்பட்டவை அல்ல. தொன்றுதொட்டு மக்கள் உணவுக்காக இருந்து வருபவை. அவற்றை மூடிவிட ஜமீன்தாருக்கு உரிமை இல்லை. காத்துப் பழுது பார்க்கும் கடமையே உண்டு. அக்கடமையில் தவறினால் மட்டுமே அவர் குற்றவாளி என்றனர். அவர் தவறவில்லை என்று முடிவானதால் கம்பெனி தோற்றது.

ஏரியை வைத்திருத்தல் என்பதே அதைப் பராமரிக்கும் கடமைதான் என்று இத்தீர்ப்பு கூறிவிட்டது. இன்று ஜமீன் இல்லை. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருத்தணி தமிழகத்துடன் இணைந்தது. கடமை மட்டும் பலர் கைகளில் பங்காகிக் கிடக்கிறது.

இன்றைய பங்கீடு

பொதுவாக 40 எக்டருக்கு (100 ஏக்கருக்கு) மேல் ஆயக்கட்டுள்ள ஏரி நீர்வளத் துறையைச் சேர்ந்தது. 2021ஆம் ஆண்டு வரை இது பொதுப்பணித் துறையின் ஒரு பிரிவாக இருந்தது. அதற்குக் குறைந்த ஆயக்கட்டுள்ளவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளன. ஆக்கிரமிப்பு, அடங்கல், வண்டல் எடுக்க அனுமதி ஆகியவை வருவாய்த் துறையின் பக்கம். ஆயக்கட்டு உழவர்களின் பங்கை 2000ஆம் ஆண்டின் பாசன அமைப்புகளை விவசாயிகள் நிர்வகிக்கும் சட்டம் வகுத்துள்ளது. அதன்படி நிலமுடையோர் தேர்ந்தெடுக்கும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம், நீரைப் பங்கிடுவதிலும் வாய்க்கால்களைப் பேணுவதிலும் பொறுப்பேற்கும். உங்கள் ஏரி எந்தப் பதிவேட்டில் உள்ளது என்று முதலில் அறிந்து கொள்ளுங்கள். தவறான அலுவலகத்தில் மனுக் கொடுத்து ஒரு பருவத்தையே இழந்த ஊர்கள் உண்டு.

ஏரியின் அளவுகளுக்கும் ஒரு பதிவு உண்டு. 1883இல் சென்னை மாகாண அரசு ஏரிச் சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கி, ஏரிகளை அளந்து, கரையின் நீளம், மேல் அகலம், மதகுகளின் அளவு, முழுக் கொள்ளளவு மட்டம் முதலியவற்றைக் குறித்து வைத்தது. இக்குறிப்பை இன்றும் 'மெமாயர்' என்பர். கரை தாழ்ந்துவிட்டதா, கலங்கல் உயர்த்தப்பட்டதா என்ற வழக்குகளைத் தீர்க்க இதைவிட நல்ல சாட்சி வேறில்லை. சங்கத்தார் அதன் நகல் ஒன்றைக் கேட்டுப் பெற்று வைத்தல் நலம்.

இயக்குவோர்

இப்பகுதியில் கம்புகட்டி என்றும், தென் மாவட்டங்களில் நீர்க்கட்டி, மடையன் என்றும் வழங்கப்படுபவரே ஏரியை இயக்குபவர். மதகைத் திறந்து மூடுவதும், எந்தக் கழனிக்கு எத்தனை நாழிகை என்று பார்ப்பதும், கடைமடைக்கு நீர் சேர்ப்பதும், மழைக்காலத்தில் இரவில் கரையைச் சுற்றி வருவதும் அவர் வேலை. அறுவடையில் ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்பதே கூலி. பல ஊர்களில் அவருக்கு நிலமில்லை. ஆகவே எந்தக் கழனிக்கும் சாய வேண்டிய தேவையும் இல்லை. கிணறும் மோட்டாரும் பெருகிய பின் நெல் அளப்பது குறைந்து, அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குச் சென்றனர். அதன் பின், முதல் மடைக்காரர் எப்போது வேண்டுமானாலும் மதகைத் திறப்பது பல ஊர்களில் வழக்கமாயிற்று. ஷட்டரின் கைப்பிடி ஒருவர் வீட்டுப் பரணில் இருப்பதையும், திருகு துருப்பிடித்து இறுகிப்போய் மதகு பாதி திறந்தபடியே கிடப்பதையும் நாம் நேரில் கண்டதுண்டு. ஆண்டுக்கு இருமுறை கிரீஸ் தடவ ஆளில்லாத குறையே அது!

கலங்கல் பற்றியும் கூற வேண்டும். பழைய ஏரிகளில் கலங்கல் மேல் கற்கள் நடப்பட்டிருக்கும். பெருமழைக் காலம் கடந்த பின், அக்கற்களுக்கிடையே மண்ணும் புல்கட்டையும் அடைத்து இன்னும் சிறிது நீரைப் பிடிப்பது முறை. அடுத்த மழைக்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். ஐப்பசியிலேயே மணல் மூட்டை அடுக்கினால் நீர் கலங்கல் வழியே போகாமல் கரை மீது ஏறும். மண் கரை மீது நீர் வழிந்தால் சில மணி நேரங்கூடத் தாங்காது. மாறாக, நீர்ப்பிடிப்பில் பயிர் செய்பவர் கலங்கலை இடித்து நீரைத் தாழ்த்துவதும் உண்டு. இரண்டும் ஒரே ஏரியில் நடப்பதுண்டு; ஆகவேதான் கலங்கலில் கை வைக்கும் அதிகாரம் யாருக்கு என்பதைச் சங்கம் தீர்மானமாக எழுதி வைக்க வேண்டும் என்கிறோம்.

பராமரிப்போர்

கரை பலப்படுத்தல், மதகு கட்டுதல் போன்ற பெரு வேலைகள் துறையைச் சேர்ந்தவை. சிறு மராமத்து தொன்றுதொட்டுக் குடிகளுடையது. உத்திரமேரூர்ச் சபையில் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏரி வாரியம் என்று தனிக் குழுவே இருந்தது. உறுப்பினர் அறுவர், பதவி ஓராண்டு, முன்னர்ப் பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. பிற்காலத்தில் குடிமராமத்து தளர்ந்தபோது, 1858ஆம் ஆண்டின் சட்டம், வழக்கப்படி வேலைக்கு வராதவரிடம் கூலியின் இரு மடங்கைத் தண்டம் வசூலிக்க வழி செய்தது. மண் சுமந்தவர் பெரும்பாலும் கூலி மக்கள். நீர் பெற்றவர் நிலமுடையோர். அவ்வகைக் குடிமராமத்து மறைந்ததில் வியப்பில்லை. 2017 மார்ச்சில் மணிமங்கலம் ஏரியில் தொடங்கி அரசு மீண்டும் கொணர்ந்த குடிமராமத்தில், வேலைச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுதாரர் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தருவது என்று வைக்கப்பட்டது.

தூர் எடுப்பதன் பயனைக் கணக்கிட்டுப் பாருங்கள். 100 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள ஏரியில் ஓர் அடி வண்டல் படிந்தால் இழக்கும் கொள்ளளவு ஏறத்தாழ 1,23,000 கன மீட்டர். ஓர் ஏக்கர் நெல்லுக்கு 1,200 மி.மீ. நீர் என்று கொண்டால் 4,850 கன மீட்டர் வேண்டும். ஆக, 25 ஏக்கர் நெல்லின் நீர் போயிற்று. பாதி ஆவியாகவும் கசிவாகவும் கழிந்தாலும் 12 ஏக்கர். ஆனால் எங்கு எடுப்பது என்பதே முக்கியம். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டும் பள்ளத்து நீர் கழனிக்குப் பாயாது. கால்நடைக்கும் கிணற்று ஊற்றுக்குமே உதவும். கரையடியில் தோண்டுவதோ கரையையே சரியச் செய்யும். உள்வாயில், மதகு மட்டத்துக்கு மேல் படிந்த மேடுகளை வெட்டுவதே பாசனத்துக்கு இலாபம். அவ்வண்டல் நல்ல எருவுமாகும். அரசு விதிப்படி ஏக்கருக்கு நன்செய்க்கு 75 கன மீட்டரும் புன்செய்க்கு 90 கன மீட்டரும் தாசில்தாரின் அனுமதியுடன் கட்டணமின்றி எடுக்கலாம்.

மழை இரவில்

2015 நவம்பர், டிசம்பர் மழையில் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் பல ஏரிகளின் கரைகள் உடைந்தன. கரை உடைவது பெரும்பாலும் ஒரு சிறு துளையில் தொடங்கும். எலி வளை, நண்டு வளை, மக்கிய வேர் விட்ட பொந்து ஆகியவை போதும். கரையின் மேலுள்ள சீமைக் கருவேலை இளஞ்செடியிலேயே பிடுங்க வேண்டும். பெரிய மரமாயின், ஆவணிக்குள் வெட்டி வேர்க்குழியை மண்ணிட்டுக் கெட்டிக்க வேண்டும். மழை தொடங்கிய பின் பிடுங்கலாகாது.

கரையின் வெளியடியில் நீர் ஊறினால் முதலில் அதன் நிறத்தைப் பாருங்கள். தெளிவாக வந்தால் காவலிருந்து கவனித்தால் போதும். கலங்கி வந்தால் கரையின் உள்மண் கரைகிறது என்று பொருள். அவ்விடத்தில் களிமண்ணைத் திணித்து அடைக்கக் கூடாது. நீர் வேறிடத்தில் பிய்த்துக் கொள்ளும். ஊற்றின் மேல் மணலும் அதன் மேல் சரளையும் பரப்பி, சுற்றிலும் மணல் மூட்டையால் வளையம் கட்டினால் நீர் வெளியேறும், மண் தங்கும். அடைப்பதாயின் ஏரியின் உட்புறத்தில், துளையின் வாய் தெரிந்தால், வைக்கோல் பிரியும் களிமண்ணும் கொண்டு அடைக்கலாம். அதே வேளையில் துறை அலுவலருக்குச் செய்தி போக வேண்டும்.

இவ்வேலைக்கு வேண்டிய வெற்றுச் சாக்கு, மணல், சவுக்குக் கம்பம், மண்வெட்டி, விளக்கு ஆகியவை புரட்டாசி முடிவதற்குள் கரையருகே ஓரிடத்தில் இருத்தல் வேண்டும். அவற்றின் சாவி யாரிடம், மதகின் கைப்பிடி யாரிடம், எந்த இரவு யார் காவல் என்பதைச் சங்கத்தின் நோட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கி, ஒரு படியைக் கம்புகட்டியிடம் கொடுத்துவிடுங்கள். அவருடைய அந்த ஆண்டுக் கூலி எவ்வளவு, எந்த மாதம் தருவது என்பதையும் அதே பக்கத்தில் எழுதலாம்.