கப்பற்புகையும் கரைவாழ்வாரும்

துறையிற் கட்டுண்டு நிற்கும் உல்லாசப் பிரயாணக் கப்பலைக் காண்போர், அது ஓய்ந்திருப்பதாகவே எண்ணுவர். உண்மை அதுவன்று. ஆயிரக்கணக்கானோர் உறையும் அம்மிதக்கும் ஊருக்கு விளக்கும் சமையலும் குளிர்காற்றும் வேண்டும்; ஆதலின், மின்சாரம் பிறப்பிக்கும் அதன் எஞ்சின்கள் ஓயாது எண்ணெயை எரிக்கின்றன. எண்ணெயிலுள்ள கந்தகம் நச்சுவாயுவாகிக் கரைவாழ்வார் மூச்சிற் கலக்கின்றது.

இத்தீங்கை அடக்க, மார்ப்போல் என்னும் சர்வதேச உடன்படிக்கையின் ஆறாம் அனுபந்தம் 1997-இல் இயற்றப்பட்டு, 2005-இல் அமலுக்கு வந்தது. அதன் திருத்தங்களின்படி, 2020 முதல் கப்பலெண்ணெயிற் கந்தகம் நூற்றுக்கு 0.5 பங்கை மிஞ்சலாகாது. பால்டிக் கடல் போன்ற தனிக் கட்டுப்பாட்டு எல்லைகளில் 2015 முதல் வரம்பு 0.1 பங்கே. வட அமெரிக்கக் கரையில் இவ்வெல்லை 200 கடல் மைல் வரை விரிகின்றது.

எனினும், விலக்கு ஒன்றுண்டு. புகையை நீராற் கழுவும் கருவி பூண்ட கப்பல்கள் கந்தகம் மிக்க மலிவெண்ணெயையே எரிக்கலாம். கழுவிய நீரைக் கடலில் விடும் கருவிகளே பல. காற்றை விட்டு நீங்கிய கேடு நீரைச் சேருமாயின் நாம் பெற்ற நலம் யாது? இதனாலன்றோ சிங்கப்பூர், தன் துறைமுக நீரில் அக்கழிவை விடுதலை 2020-இல் தடுத்தது!

மேலான வழியும் உளது. அலாஸ்காவின் ஜூனோ துறைமுகத்தில், ஏற்ற அமைப்புடைய கப்பல்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு, நீர்வலியாற் பிறந்த மின்சாரத்தைக் கரையிலிருந்தே பெறும் ஏற்பாடு 2001-இல் தொடங்கிற்று. அம்மின்சாரமும் நிலக்கரியாற் பிறப்பதாயின், துறைமுகத்தார் உய்வர். மின்நிலையத்தின் அயலார் நலிவர். ஆகவே, விதி எதுவாயினும் நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றே: கேடு ஒழிந்ததா, இடம் பெயர்ந்ததா?