சித்திரை வெயிலில் ஒரு ஸ்கூப் டால்டா

கான்சாபுரத்துச் சித்திரை மதியத்தில் ஐஸ்கிரீமைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு கேமராவைச் சரிபார்த்து நிமிர்ந்தால், கிண்ணத்தில் பாயசம்தான் இருக்கும். கரண்ட் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். மெனு கார்டுக்கும் பிளெக்ஸுக்கும் படம் எடுப்பவர்கள் போலி ஐஸ்கிரீம் பிசைவது இதனால்தான்.

டால்டா 100 கிராம், லிக்விட் குளுக்கோஸ் 100 கிராம், ஐசிங் சுகர் அரைக் கிலோ. கேக் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். மிக்ஸியில் அரைத்த சர்க்கரை என்றால் இரண்டு முறை சலியுங்கள். ஒரு குருணை நின்றாலும் படத்தில் மின்னும்.

முதலில் டால்டாவையும் குளுக்கோஸையும் கட்டியில்லாமல் குழையுங்கள். குளுக்கோஸை ஈரக் கையால் எடுத்தால் ஒட்டாது. சர்க்கரையைக் கால் கால் பங்காகச் சேருங்கள். முக்கால் பங்கு போனதும் கரண்டி நகராது; சப்பாத்தி மாவு போலக் கையால்தான் பிசைய வேண்டும். கொஞ்சம் பிய்த்துப் பாருங்கள். இழுபட்டால் இன்னும் சர்க்கரை வேண்டும். பொடியாகக் கொட்டினால் இரண்டு சொட்டு குளுக்கோஸ். சொரசொரப்பாகப் பிய்ந்தால் பதம். டால்டா போன்ற வனஸ்பதி இளகுவது 31 முதல் 41 டிகிரிக்குள். நம் வெயிலுக்கு அது எட்டாத தூரமில்லை. எனவே காலையிலேயே பிசையுங்கள், சர்க்கரையில் 50 கிராம் கூடவே போகட்டும்.

வெனிலாவுக்கு ஊசிமுனை மஞ்சள் போதும். பால்கோவா நிறத்துக்குச் சிட்டிகை கோகோ. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் கண்ணை ஏமாற்றுவது கஷ்டம்.

எல்லாம் ஸ்கூப் போடும் கையில் இருக்கிறது. உருட்டாதீர்கள், காய்ந்த ஸ்கூப்பால் மேற்பரப்பைச் சுரண்டி இழுத்து, கிண்ணத்தில் லேசாக அழுத்துங்கள். அடியில் கிழிந்த பாவாடைக் கரை மாதிரி ஓர் ஓரம் பிதுங்கும். பார்ப்பவரை நம்பவைப்பது அந்த ஓரம்தான், அசிங்கமாக இருக்கிறதென்று வழித்துவிடாதீர்கள். கொஞ்சம் கலவையைத் தண்ணீர்விட்டுக் கரைத்து ஓரத்தில் ஒரு சொட்டு வழியவிடுங்கள். துளிகூட உருகாத ஐஸ்கிரீம் சுண்ணாம்பு உருண்டை போலிருக்கும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல்.

ஐஸ்கிரீமுக்குப் பதில் உருளைக்கிழங்கு மசியல் வைப்பதும் பழைய வழிதான். 1965-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு ஷேவிங் கிரீம் விளம்பர வழக்கில் இதையே உதாரணம் காட்டியது: ஐஸ்கிரீம் சாப்பிடும் காட்சிக்கு மசியல் வைக்கலாம், அந்த ஐஸ்கிரீமின் தரத்துக்கே அதைச் சான்றாகக் காட்டக்கூடாது. என் கணக்கும் அதுதான். விற்பது கிண்ணமோ, மேலே ஊற்றும் சாஸோ என்றால் டால்டா உருண்டை வைக்கலாம். விற்பதே ஐஸ்கிரீம் என்றால் சொந்தச் சரக்கைத்தான் படமெடுக்க வேண்டும், பத்து முறை உருகினாலும். நம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் தவறான விளம்பரத்துக்கு அபராதம் உண்டு.

மிச்சத்தைப் பாலித்தீனில் சுற்றி டப்பாவில் மூடினால் அடுத்த வாரமும் ஆகும். பிள்ளைகளுக்காக மேலே ‘தின்னாதே’ என்று எழுதி ஒட்டுங்கள். எறும்புக்குப் படிக்கத் தெரியாது. டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள்.