மருத்துவமனையில் தொற்றும் சிறுநீர் நோய்: வருமுன் காப்போம்

பிறையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழ்வோர் கடும் நோயுற்றால், செபராங் ஜெயா மருத்துவமனைக்கோ புக்கிட் மெர்தாஜாம் மருத்துவமனைக்கோ கடலைக் கடந்து பினாங்குப் பெரிய மருத்துவமனைக்கோ செல்வது வழக்கம். 1985ஆம் ஆண்டில் பினாங்குப் பாலம் திறக்கப்படும் வரை, தீவுக்குச் செல்ல வேண்டிய நோயாளியைப் பெர்ரியில் ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தது. இன்று அத்தொல்லை இல்லை.

பார்வை நேரத்தில் உறவினர்கள் பழங்களோடு கட்டிலருகே வந்து நிற்கின்றனர். நோயாளியின் முகத்தைப் பார்க்கின்றனர். கட்டுப் போட்ட காலைப் பார்க்கின்றனர். ஆனால், கட்டிலின் ஓரத்தில் தொங்கும், சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையைக் கண்டதும் கூச்சத்தால் பார்வையைத் திருப்பிக்கொள்கின்றனர். அப்பையையும் அதனோடு இணைந்த குழாயையும் கவனித்துப் பார்ப்பது நம் கடமை. அறுவை சிகிச்சை நன்கு முடிந்த பிறகும் பலரைக் காய்ச்சலில் தள்ளுவது அக்குழாயின் வழியே ஏறும் கிருமிகளே.

குழாய் ஏன் பொருத்தப்படுகிறது?

பெரிய அறுவை சிகிச்சையின்போதும், சிறுநீர் அடைத்துக்கொள்ளும்போதும், கடும் நோயாளியின் சிறுநீரை அளந்து பார்க்க வேண்டியபோதும் மருத்துவர்கள் மெல்லிய குழாயொன்றைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துகின்றனர். உயிர் காக்கும் கருவி அது. எனினும், உடல் தனக்கென அமைத்துக்கொண்ட காவலை அது தளர்த்திவிடுகிறது. இயல்பாக நாம் சிறுநீர் கழிக்கும்போது, உள்ளே ஏற முயலும் கிருமிகள் அடித்துச் செல்லப்படுகின்றன. குழாய் உள்ளவரிடம் இது நிகழ்வதில்லை.

மலக்குடலில் வாழும் ஈ.கோலி போன்ற கிருமிகள் குழாயின் வெளிப்புறமாக ஊர்ந்து ஏறுகின்றன. தூய்மையற்ற கைகளிலிருந்து பையின் திறப்பிற்குச் செல்லும் கிருமிகளோ உட்புறமாக ஏறுகின்றன. நீர்த்தொட்டியின் குழாயில் வழவழப்பான பாசி படிவதைக் கண்டிருப்பீர்கள். அதுபோலவே கிருமிகளும் குழாயில் ஒட்டி ஒரு படலத்தை உண்டாக்குகின்றன. மருந்து அப்படலத்தை எளிதில் ஊடுருவுவதில்லை. ஆகையால், நோய் கண்டபின் பல வேளைகளில் குழாயையே அகற்றவோ மாற்றவோ நேரிடுகிறது.

மருத்துவ உலகம் கற்ற பாடம்

உள்ளே நழுவாமல் நிற்கும் பலூன் அமைந்த குழாயை 1930களில் உருவாக்கியவர் அமெரிக்க மருத்துவர் பிரெடரிக் போலி. அக்காலத்தில் சிறுநீர் திறந்த புட்டியில் விழுந்தது. நான்கு நாள்களுக்குள் ஏறத்தாழ எல்லா நோயாளிகளின் சிறுநீரிலும் கிருமிகள் சேர்ந்தன. குழாயும் பையும் பிரியாமல் மூடியே இருந்தால் தொற்று வெகுவாகக் குறையும் என்பதை 1966இல் கியூனின், மக்கார்மக் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். இன்று நாம் காணும் மூடிய பை அந்த அறிவின் பயன்.

ஆயினும் ஆபத்து முற்றும் நீங்கவில்லை. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் 100 பேரில் 3 முதல் 7 பேர் வரை புதிதாகச் சிறுநீரில் கிருமிகளைப் பெறுகின்றனர். ஒரு மாதம் கடந்தால் ஏறக்குறைய எல்லாரிடமும் கிருமிகள் காணப்படும். ஆகவே, தேவை முடிந்த குழாயை அன்றே எடுத்துவிடுவதுதான் தலைசிறந்த தடுப்பு.

பால்மரம் சீவியவர்கள் இதை எளிதில் உணர்வர். கழுவாத மங்கில் விழும் பால் விரைவில் கெட்டுக் கட்டியாகிவிடும். பால் நல்லதே, மங்கின் அழுக்குதான் அதனைக் கெடுத்தது. குழாய், பை ஆகியவற்றின் நிலையும் அத்தகையதே.

உறவினர் செய்ய வேண்டியவை

1. நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. அல்லது வார்டில் வைத்திருக்கும் கைத்தூய்மைத் திரவத்தைப் பூசிக்கொள்க.

2. பை எப்போதும் நோயாளியின் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். நடக்கும்போதும் சக்கர நாற்காலியில் செல்லும்போதும் அதனை மடியில் வைக்கலாகாது. தேங்கிய சிறுநீர் திரும்பிப் பாயும்.

3. பை தரையைத் தொடலாகாது. குழாய் மடங்கியோ உடலின் கீழ் அழுந்தியோ இருந்தால் தாதியிடம் கூறுக.

4. குழாயையும் பையையும் ஒருபோதும் பிரிக்க வேண்டாம். பை நிரம்பி வழியும்வரை காத்திராமல் தாதிக்குத் தெரிவிக்கவும்.

5. நாள்தோறும் ஒரு கேள்வி கேட்கவும்: “மிஸ்ஸி, அப்பாவுக்கு இந்தக் குழாய் இன்றும் தேவையா?” இவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவன்று. பணிச்சுமை மிகுந்த வார்டில் இது தாதியர்க்கு உதவியாகவே அமையும்.

அறிகுறிகள்

காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்றிலோ விலாவின் பின்புறத்திலோ வலி ஆகியவை தோன்றினால் உடனே தெரிவிக்க வேண்டும். முதியவர் திடீரெனத் தடுமாறிப் பேசினாலும் தயங்காமல் மருத்துவரிடம் கூறவும். குழாய் எடுத்த பின் எரிச்சலும் அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வும் நீடிப்பதும் கவனிக்கத்தக்கது. பெண்களின் சிறுநீர் வழி ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமே உடையதாதலால் கிருமிகள் விரைவில் ஏறுகின்றன. நம்மவரிடையே மிகுந்து காணப்படும் நீரிழிவும் ஆபத்தைக் கூட்டுகிறது. கவனியாது விட்டால், தொற்று சிறுநீரகத்திற்குச் சென்று இரத்தத்திலும் கலந்து உயிருக்கே ஊறு விளைவிக்கலாம்.

மற்றொன்றும் அறிக. குழாய் உள்ளவரின் சிறுநீர் கலங்கியிருப்பதால் மட்டும் நோய் என்று முடிவு செய்துவிட முடியாது. காய்ச்சல் முதலிய அறிகுறிகள் இல்லாதபோது பெரும்பாலோர்க்குக் கிருமிக்கொல்லி மருந்து வேண்டுவதில்லை. வீட்டில் எஞ்சிய மாத்திரைகளையோ அண்டை வீட்டார் தந்தவற்றையோ கொடுப்பதால், மருந்துக்கு அடங்காத கிருமிகளே பெருகும். மருத்துவர் கொடுத்ததை அவர் குறித்த நாள்வரை உட்கொள்வதே முறை.

வீடு திரும்பும்போது சிலருக்குக் குழாய் நீடிக்கலாம். பையைக் காலி செய்யும் முறையையும் குழாய் மாற்றும் நாளையும் தாதியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூச்சத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, அடுத்த முறை கட்டிலருகே நிற்கும்போது, முதலில் கையைக் கழுவி, பின் அந்தப் பையையும் ஒரு முறை பாருங்கள்.