மாரிகுப்பத்து உயரத்தில் எஸ்.யூ. கார்புரேட்டரைச் சரிசெய்ய

சென்னையில் ஒழுங்காக ஓடிய பழைய அம்பாசடர், பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா மலைப்பாதை ஏறி மாரிகுப்பம் வந்ததும் கொஞ்சம் கரும்புகை தள்ளும். எஞ்சினில் கோளாறு இல்லை. மாரிகுப்பம் அமைந்துள்ள தங்கவயல் கடல்மட்டத்துக்குச் சுமார் 850 மீட்டர் மேலே இருக்கிறது. காற்றழுத்தம் சென்னையைவிடச் சுமார் 10 விழுக்காடு குறைவு. அதனால் கலவை நான்கைந்து விழுக்காடு ரிச் (பெட்ரோல் மிகுதி) ஆகிவிடும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலோ அதே கலவையை ஆறேழு விழுக்காடு லீன் (பெட்ரோல் குறைவு) ஆக்கும். அந்தக் காலத்துக் கையேடு இந்த இரண்டில் எதையும் கணக்கில் எடுக்கவில்லை. எனவே வண்டி எந்த ஊரில் ஓடுகிறதோ, அங்கே கிடைக்கும் பெட்ரோலை ஊற்றி, அங்கேயே டியூன் செய்யுங்கள்.

முதலில் கார்புரேட்டர் தேர்வு. எஞ்சினோடு வந்த அதே மாதிரி, அதே வாய் அளவு கார்புரேட்டரே போதும். பெரிய வாய் போட்டால் பவர் கூடும் என்று சொல்வார்கள். குறைந்த வேகத்தில் காற்றோட்டம் மந்தமாகி இழுவைதான் கெடும். சென்னை புதுப்பேட்டையிலோ பெங்களூரு ஜே.சி. ரோட்டிலோ பழையது வாங்கினால், த்ராட்டில் ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வாங்காதீர்கள். அந்த இடைவெளியில் காற்று புகுந்தால் எந்த டியூனிங்கும் நிற்காது. நீடிலின் தலையில் பொறித்த எழுத்து, உங்கள் எஞ்சினுக்குக் கையேடு சொல்லும் எழுத்துதானா என்றும் பாருங்கள்.

தங்கவயலுக்கு மட்டும் உரிய தொல்லை ஒன்று உண்டு: சயனைடு மேட்டுத் தூசி. தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டாலும், அங்கே அரைத்து மேடாகக் கொட்டிய பாறைத்தூள் காற்றடிக்கும் மாதங்களில் பறந்துகொண்டுதான் இருக்கிறது. எஸ்.யூ.வின் பிஸ்டன் மிக நுண்ணிய இடைவெளியில் ஏறி இறங்குவது. இந்தத் தூள் உள்ளே போனால் சிக்கிக்கொள்ளும். ஏர் ஃபில்டர் இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள். மேல் டோமைக் கழற்றி, உட்புறத்தையும் பிஸ்டனையும் பெட்ரோல் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. மாட்டியபின் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் 'டக்' என்று விழ வேண்டும். டாம்பரில் 20 கிரேடு எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். தையல் மெஷின் எண்ணெய் ஊற்றினால் ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது எஞ்சின் திணறும்.

பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் அரித்துவிடும். எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுங்கள்.

கார்புரேட்டரில் ஸ்பேனர் வைக்குமுன் டேப்பட், பாயிண்ட், ப்ளக், டைமிங் நான்கும் சரியாக இருக்க வேண்டும். 1489 சி.சி. ஓவர்ஹெட் வால்வு எஞ்சினுக்கு டேப்பட் இடைவெளி 0.015 அங்குலம், ப்ளக் 0.025. கார்புரேட்டர் கோளாறு என்று வரும் வண்டிகளில் பல, பாயிண்ட் தேய்ந்த வண்டிகளே.

இனி கலவை. ஜெட் நட்டை மேலே திருகி, ஜெட்டின் வாய் பிரிட்ஜ் மட்டத்துக்கு வரச் செய்யுங்கள். அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது நட்டின் 12 முகம், கீழே இறக்குங்கள். காற்றோட்டமான வெளியிடத்தில் எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, சோக்கை முழுதும் விட்டு ஐடிலிங்கில் வையுங்கள். பக்கத்தில் உள்ள சிறு பின்னை அழுத்தி பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் ரிச். நட்டை ஒரு முகம் மேலே ஏற்றுங்கள். எஞ்சின் உடனே தள்ளாடினால் லீன். ஒரு முகம் கீழே. லேசாகக் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் அதுதான் சரி. ஒவ்வொரு முறையும் ஒரு முகம் மட்டுமே திருப்புங்கள். திருப்பியபின் ஆக்சிலேட்டரை ஒருமுறை மிதித்துவிட்டுக் கேளுங்கள். அவசரப்பட்டு மூன்று நான்கு முகம் திருப்பினால் எங்கே இருந்தோம் என்பதே தெரியாமல் போகும்.

பிரீமியர் பத்மினியின் சாலெக்ஸ் கார்புரேட்டரில் இப்படி நட்டைத் திருகிக் கலவையை மாற்றும் வசதி இல்லை. ஐடிலிங்கை ஸ்குரூவில் சரிசெய்யலாம். ஓட்டத்தில் ரிச் என்றால் மெயின் ஜெட்டையே ஓர் அளவு சிறிதாக மாற்ற வேண்டும்.

கடைசியாக, ராபர்ட்சன்பேட்டை வழியாகப் பங்காருபேட்டை வரை ஒரே சீராக ஓட்டுங்கள். ஐடிலிங்கில் நிறுத்தி வைக்காமல் ஓரங்கட்டி அணைத்து, ஆறியதும் ப்ளக்கைக் கழற்றுங்கள். வெளிர் பழுப்பு நல்லது. கரி படிந்தால் ரிச், சுண்ணாம்பு வெள்ளை என்றால் லீன். எத்தனால் பெட்ரோலில் நிறம் எப்போதும் சற்று வெளுத்தே தெரியும் என்பதால், மலையேற்றத்தில் இழுவை குறையவில்லை, எஞ்சின் சூடேறவில்லை என்றால் நட்டைத் தொடாதீர்கள்.