காதுக்குள் வரும் இரைச்சல்: காரணமும் கண்டறிதலும்

2020 மார்ச் மாதம் கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது வீட்டின் ஒரு மூலையே வகுப்பறையாக மாறியது. பாடசாலைகள் திறந்த பின்னரும் அந்தப் பழக்கம் எம்மை விட்டுப் போகவில்லை. உயர்தரம் படிக்கும் நாம் பலரும் பதிவு செய்யப்பட்ட பாடங்களை இன்றும் மடிகணினியில் கேட்கிறோம். தம்பி தங்கையர் உள்ள வீட்டில் ஹெட்போன் இல்லாமல் அது நடக்காது. அப்போது அடிக்கடி காதில் விழும் முறைப்பாடு ஒன்றுதான்: "சேரின் குரலோடு சேர்ந்து ஓர் இரைச்சலும் வருகிறது."

இதற்கு நாம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஒலியைக் கூட்டுகிறோம், அல்லது வாப்பாவிடம் புது ஹெட்போன் கேட்கிறோம். முதலாவது செவிக்குக் கேடு. இரண்டாவது பணத்துக்குக் கேடு. புதியதிலும் அதே இரைச்சல் கேட்டால் மனவருத்தம் வேறு. இவ்விரண்டுக்கும் முன்னர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று விசாரிப்பதே அது. அந்த விசாரணையை வீட்டிலேயே எப்படிச் செய்யலாம் என்பதை, உயர்தரப் பௌதிகவியலில் கற்றதையும் செய்து பார்த்ததையும் கொண்டு எழுதுகிறேன்.

சைக்கிள் டைனமோ கற்பித்த பாடம்

1990களில் யாழ் குடாநாட்டில் பல ஆண்டுகள் மின்சாரம் இருக்கவில்லை. பற்றரிகளும் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. அக்காலத்தில் செய்தி கேட்க மக்கள் ஒரு வழி கண்டார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதியைக் கையால் சுற்றுவார். சில்லோடு உரசிச் சுழலும் டைனமோவிலிருந்து வானொலிக்கு மின் கிடைக்கும். மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் குடும்பம் அந்த ஆண்டுகளைப் புத்தளத்தில் கழித்தது. ஆகவே இது எங்கள் வீட்டுக் கதையல்ல. இங்கேயே இருந்த அயலவர் ஒருவர் சொல்லக் கேட்டது.

அவர் சொன்னதில் ஒரு விடயம் என் மனதில் நின்றது. டைனமோ வயரை நேரே வானொலிக்குக் கொடுத்தால் செய்தி விளங்காது, உறுமல்தான் கேட்கும். வேகமாகச் சுற்றச் சுற்ற உறுமலின் சுருதியும் ஏறும். இடையில் இருவாயியும் கொள்ளளவியும் வைத்துக் கட்டினால்தான் குரல் தெளியும்.

இதற்கான காரணம் எமது பாடத்திலேயே உள்ளது. 1831இல் மைக்கல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே டைனமோவின் தத்துவம். உள்ளே காந்தம் சுழல்வதால் சுருளில் உண்டாவது, திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியதோ ஒரே திசையில் சீராக ஓடும் நேரோட்டம். இருவாயி மின்னை ஒரு திசையில் மட்டும் விடுகிறது. கொள்ளளவி, நீர்த்தாங்கியைப் போல, மிகும்போது சேமித்துக் குறையும்போது கொடுக்கிறது. அந்தத் தாங்கி சிறிதானாலோ இல்லாமற் போனாலோ மின்னின் ஏற்ற இறக்கம் அப்படியே ஒலியாகிவிடும். வானொலியில் பழுதில்லை, ஒலிபரப்பிலும் பழுதில்லை. மின் வந்த வழியில்தான் குறை இருந்தது.

இன்று எமது வீடுகளில் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் மீடிறனுடைய மின்சாரம் இருக்கிறது. மடிகணினியின் சார்ஜரும் அந்த ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கித்தான் கொடுக்கிறது. சைக்கிளுக்குப் பதில் மின்நிலையம். வானொலிக்குப் பதில் கணினி. கேட்க வேண்டிய கேள்வி மட்டும் பழையதுதான்: இரைச்சல் கருவியினுடையதா, அதற்கு வரும் மின்னினுடையதா, இரண்டுக்கும் இடையிலுள்ள இணைப்பினுடையதா?

இரைச்சலை வகைப்படுத்துதல்

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய கார்ல் ஜான்ஸ்கி என்ற பொறியியலாளருக்கு 1930களின் தொடக்கத்தில் ஒரு வேலை தரப்பட்டது. வானொலித் தொலைபேசியைக் குழப்பும் இரைச்சலின் மூலத்தை அவர் கண்டுபிடிக்க வேண்டும். அவர் முதலில் செய்தது வகைப்படுத்தலே. அருகில் இடிக்கும் இடிமுழக்கத்தின் ஒலி ஒன்று. தொலைவிலுள்ள இடிமுழக்கத்தின் ஒலி இன்னொன்று. காரணம் தெரியாத, விடாத சீறல் மூன்றாவது. அந்த மூன்றாவது எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது என்று தொடர்ந்து குறித்து வந்தார். 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு முறை அது உச்சம் பெற்றது. நட்சத்திரங்கள் வானில் அதே இடத்துக்குத் திரும்பும் நேரம் அது. சீறல் பால்வீதியிலிருந்து வருகிறது என்று 1933இல் அறிவித்தார். வானொலி வானியல் என்ற துறை அப்படித்தான் பிறந்தது.

எமது ஹெட்போனில் பால்வீதி கேட்காது. ஆனால் அவருடைய முறை எமக்கும் பொருந்தும். முதலில் ஒலியின் தன்மையைக் கவனியுங்கள்.

"ம்ம்ம்" என்ற தாழ்ந்த உறுமல் அல்லது ரீங்காரம்: பெரும்பாலும் மின்வழியாலோ புவித்தொடுப்பு இல்லாமையாலோ வருவது.

"ஸ்ஸ்" என்ற சீரான சீறல்: ஒலியைப் பெருக்கும் சுற்றிலிருந்து, அல்லது ஒலிவாங்கியின் பெருக்கம் அளவுக்கு மிஞ்சிக் கூட்டப்பட்டிருப்பதால் வருவது.

"கர கர" என்று விட்டு விட்டு வருவது: செருகி, துளை, வயர் ஆகியவற்றில் தொடுகை சரியில்லாமையால் வருவது. வயரை அசைத்தால் கூடிக் குறையும்.

"டிட் டிட் டிட்" என்று சிறிது நேரம் வந்து நிற்பது: பக்கத்திலுள்ள கைத்தொலைபேசி வலையமைப்போடு பேசும் ஓசை. இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் தொலைபேசி செக்கனுக்கு ஏறத்தாழ 217 தடவை விட்டு விட்டு அலை அனுப்புவதால் இது உண்டாகிறது. தொலைபேசியைச் சற்றுத் தள்ளி வைத்தாலே போதும்.

ஐந்து சோதனைகள்

சோதனைக்கு ஒரே ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் இரைச்சல் நின்றாலும் காரணம் தெரியாது. ஆய்வுகூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி ஏனையவற்றை மாறாமல் வைப்பது போலத்தான். பெறுபேற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, வேறொரு பதிவைக் கேளுங்கள். இரைச்சல் ஒரு பாடத்தில் மட்டும் வந்தால் அது பதிவு செய்த இடத்தில் கலந்தது. உங்கள் கருவியில் குறையில்லை.

இரண்டாவது, பாடத்தை நிறுத்தி ஒலியளவைப் பூச்சியமாக்குங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் அது ஒலியளவுக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால், சுற்றிலோ மின்னிலோ இணைப்பிலோ உண்டாகிறது. ஒலியளவோடு சேர்ந்து குறைந்தால் மென்பொருள் அமைப்புகளைப் பார்க்க வேண்டும். ஒலிவாங்கியின் ஒலியைத் திரும்ப ஹெட்போனுக்கே அனுப்பும் தெரிவு இயங்குகிறதா, ஒலியை மெருகேற்றும் தெரிவுகள் இயங்குகின்றனவா, ஒலி அட்டையின் இயக்கி மென்பொருள் புதுப்பிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

மூன்றாவது, சார்ஜரைக் கழற்றிப் பற்றரியில் மட்டும் கேளுங்கள். இரைச்சல் உடனே நின்றால் காரணம் மின்வழியில் இருக்கிறது.

நான்காவது, அதே ஹெட்போனை, துளையுள்ள ஒரு கைத்தொலைபேசியில் செருகிக் கேளுங்கள். இரைச்சல் கூடவே வந்தால் ஹெட்போனில்தான் குறை.

ஐந்தாவது, வேறொரு ஹெட்போனை இரவல் வாங்கி உங்கள் மடிகணினியில் செருகுங்கள். அதிலும் இரைச்சல் இருந்தால் கணினியின் துளையிலோ ஒலிச்சுற்றிலோ குறை. அப்படியானால் யூஎஸ்பி வழியாக இணையும் ஹெட்போன் ஒன்றையும் சோதித்துப் பார்க்கலாம். அது தனக்குரிய ஒலிச்சுற்றைத் தானே கொண்டிருப்பதால் கணினியின் ஒலிச்சுற்றைத் தவிர்த்துவிடும்.

எங்கள் வீட்டில் கண்டது

சாதாரண தரம் படிக்கும் என் தங்கையின் ஹெட்போனில் ரீங்காரம் கேட்டது. புதிது வாங்க வேண்டும் என்று உம்மாவும் முடிவு செய்திருந்தார். மேற்சொன்ன வரிசையில் சோதித்தோம். எல்லாப் பதிவுகளிலும் இரைச்சல் இருந்தது. ஒலியளவு பூச்சியமானாலும் குறையவில்லை. சார்ஜரைக் கழற்றியதும் சட்டென்று நின்றது. திரும்பச் செருகினோம், திரும்ப வந்தது. மூன்று முறை செய்தும் அதே பெறுபேறுதான்.

பிறகு சார்ஜரின் வயரைச் சுவர் வரை தொடர்ந்து பார்த்தோம். மூன்று பின் கொண்ட அதன் செருகி, இரண்டு பின் மட்டும் உள்ள மாற்றி ஒன்றில் செருகப்பட்டிருந்தது. மூன்றாவது பின்தான் புவித்தொடுப்பு. சார்ஜருக்குள் உயர் மீடிறன் இரைச்சலை வடிகட்டும் சிறு கொள்ளளவிகள் உள்ளன. அவற்றின் ஊடாக மிகச் சிறு ஒழுக்கு மின்னோட்டம் வெளிப்படும். அது புவித்தொடுப்பு வழியே போய்விட வேண்டியது. வழி அடைபட்டால் கணினியின் உடலில் தங்கி, ஹெட்போன் வயர் மூலம் எம்மைத் தேடி வருகிறது. உலோக உடலுள்ள மடிகணினியைத் தொடும்போது சிலருக்கு விரலில் இலேசான கூச்சம் தெரிவதும் இதனாற்றான். அந்த மாற்றியை நீக்கி, புவித்தொடுப்புள்ள சுவர்க் குதையில் நேராகச் செருகினோம். ரீங்காரம் நின்றது. ஒரு சதமும் செலவாகவில்லை.

இரண்டு பின் மட்டுமே உள்ள சார்ஜராயின், பற்றரியை முதலில் நிரப்பிவிட்டு, சார்ஜரைக் கழற்றிப் பாடம் கேட்பதே எளிய வழி.

செருகியையும் துளையையும் பேணுதல்

எமது ஊர்க் கடற்காற்றில் உப்பும் ஈரமும் உண்டு; கோடையில் புழுதியும் உண்டு. 3.5 மில்லிமீற்றர் செருகியில் இவை படிந்தால் "கர கர" ஓசை வரும். செருகியை உலர்ந்த பஞ்சால் துடையுங்கள். போதாவிட்டால் ஐசோபுரப்பைல் அற்ககோலில் சிறிது நனைத்துத் துடைத்து, நன்கு உலர்ந்த பின் செருகுங்கள். துளைக்குள் ஊசி, குண்டூசி எதையும் விடக்கூடாது. செருகி முழுமையாக உள்ளே போயிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒலிவாங்கியுள்ள ஹெட்போனின் செருகியில் நான்கு உலோகப் பகுதிகள் இருக்கும். ஒலிவாங்கி இல்லாததில் மூன்று. பழைய கணினிகளில் ஒலிவாங்கிக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனித் துளைகள் இருப்பதால், நான்கு பகுதியுள்ள செருகி அவற்றில் சரியாகப் பொருந்தாமற் போகலாம். அதற்குரிய பிரிப்பு வயர் கடைகளில் கிடைக்கும்.

செய்யக்கூடாதவை

மூன்று பின் செருகியின் புவிப் பின்னை வெட்டக்கூடாது. குதையின் மேல் துளைக்குள் பேனை மூடியை விட்டுத் திறந்து இரண்டு பின் செருகியை நுழைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு; அதை விட்டுவிட வேண்டும். புவித்தொடுப்பு இரைச்சலுக்காக மட்டும் வைக்கப்பட்டதல்ல. பழுது நேரும்போது உயிரைக் காப்பதும் அதுதான். குதையிலேயே புவித்தொடுப்பு இல்லையென்று சந்தேகித்தால் தகுதி பெற்ற மின்னிணைப்பாளரை அழைப்பது பெற்றோரின் பொறுப்பு. சார்ஜரை நாமாகத் திறக்கக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி முழங்கும்போது சார்ஜரைக் கழற்றி வைக்க வேண்டும். அந்நேரம் வயர் ஹெட்போனைக் காதில் வைத்திருக்கவும் கூடாது.

செவி ஒன்றே

இரைச்சலை அமுக்குவதற்காக ஒலியைக் கூட்டுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட நியமம், வளர்ந்தோருக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்றும், சிறுவர்களுக்கு 75 டெசிபெல் அளவில் அதே 40 மணித்தியாலம் என்றும் எல்லை வகுத்துள்ளது. ஒலி 3 டெசிபெல் கூடும்போது அதன் சக்தி இரு மடங்காகிறது. ஆகவே கேட்கக்கூடிய நேரம் பாதியாக வேண்டும். 83 டெசிபெல் என்றால் 20 மணித்தியாலம். 86 என்றால் 10 மட்டுமே. பரீட்சைக்காலத்தில் நாளொன்றுக்கு நான்கைந்து மணித்தியாலம் ஹெட்போனோடு இருக்கும் மாணவிக்கு இது சிறிய கணக்கல்ல. உட்செவியின் நுண்ணிய மயிர்க்கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. ஹெட்போனுக்கு மாற்றுண்டு, செவிக்கில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை "இரைச்சல் வருகிறது" என்று சொன்னால், படிக்காமலிருக்கச் சொல்லும் சாட்டு என்று எண்ண வேண்டாம். உடனே கடைக்கு ஓடவும் வேண்டாம். ஐந்து சோதனைகளுக்கும் அரை மணி நேரம் போதும். பிள்ளையோடு அமர்ந்து செய்து பாருங்கள். அப்படியும் திருத்துனரிடம் போக நேர்ந்தால், அந்தப் பெறுபேறுகள் எழுதிய தாளையும் கொண்டு போங்கள். "சார்ஜரைக் கழற்றினாலும் நிற்கவில்லை, வேறு ஹெட்போனிலும் வருகிறது" என்று சொல்லும் மகளுக்குத் தேவையற்ற பாகத்தை எவரும் எளிதில் மாற்றிக் கொடுத்துவிட முடியாது.