மூன்றாம் எண் போத்தல்

லங்காவிக்குப் போய் வந்தவர் வீட்டில் போத்தல் இருக்கும் என்பது சுங்கைப்பட்டாணியில் எல்லாருக்கும் தெரிந்த கதை. 1987 முதல் அது தீர்வையில்லாத் தீவு. கோலகெடாவில் படகேறிப் போய், இரண்டு ராத்திரி தங்கிவிட்டு, கையில் ஒரு பையோடு திரும்புவோம். அந்தப் போத்தல் கண்ணாடி அலமாரியில், மகளின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில், அட்டைப் பெட்டியோடு நிற்கும். விருந்தாளி வந்தால் முதலில் விலையைச் சொல்வோம், அப்புறம்தான் மூடியைத் திறப்போம். விலையைக் காது கேட்டுவிட்ட பிறகு நாக்கு வேறென்ன செய்யும்? ஆமாம் சாமி போடும்.

நாங்கள் ஆறு பேர், எல்லாருமே ரப்பர் தோட்டத்தில் பிறந்து தாமான் வீடுகளுக்குக் குடிவந்தவர்கள், போத்தலையும் விலையையும் மறைத்துவிட்டு ஒயினைச் சுவைத்துப் பார்த்தோம். இதுவரை மூன்று தடவை. முதல் தடவை முழுச் சொதப்பல். கீழே உள்ளவற்றில் பாதி அந்தச் சொதப்பலில் கற்றது.

செய்ய வேண்டியவை

ஒரே திராட்சை, ஒரே நாடு, வேறு வேறு விலை. நாங்கள் முதல் தடவை ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை, ஒரு நுரை ஒயின் என்று வாங்கி வைத்துக்கொண்டு எது உசத்தி என்று சண்டை போட்டோம். தோசையையும் பிரியாணியையும் எடை போட்ட மாதிரிதான். இப்போது ஆஸ்திரேலிய ஷிராஸ் மட்டும்: 60 வெள்ளியில் இரண்டு, 120 வெள்ளியில் இரண்டு, 250 வெள்ளியில் ஒன்று. ஐந்து போத்தல் போதும். அதற்கு மேல் நாக்கு மரத்துப்போகும்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் வாங்குங்கள். தீவிலும் பெருநிலத்திலும் மாற்றி மாற்றி வாங்கினால் கணக்கு உதைக்கும். நம் மலேசியாவில் ஒயினுக்கான கலால் வரி அதிலுள்ள ஆல்கஹாலின் அளவுக்குத்தான், விலைக்கு இல்லை. மலிவுப் போத்தலும் விலையுயர்ந்த போத்தலும் ஏறக்குறைய ஒரே கலால் வரியைச் சுமக்கின்றன. ஆகவே 60 வெள்ளிப் போத்தலில் வரி கணிசமான பங்கைத் தின்றுவிடும், 250 வெள்ளியில் அது பொருட்டே இல்லை. லங்காவியிலிருந்து கொண்டுவருவதென்றால் குறைந்தது 48 மணி நேரம் தங்கியிருக்க வேண்டும், ஆளுக்கு ஒரு லிட்டர்தான். 750 மில்லி போத்தல் என்றால் ஆளுக்கு ஒன்றோடு சரி.

போத்தலைச் சரியாக மறையுங்கள். நாளிதழில் சுற்றுவோம். அப்பா காலத்தில் அதற்குத் தமிழ் நேசன் கிடைத்திருக்கும், 2019இல் அது நின்றுபோனது. ஆனால் காகிதம் மட்டும் போதாது. தோள் உயர்ந்த போத்தல், சரிந்த தோள் போத்தல் என்று காகிதத்துக்குள்ளும் உருவம் தெரியும். கனமான கண்ணாடி கைக்கு வந்ததுமே ‘இது விலை கூடுதல்’ என்று மணிக்கட்டு சொல்லிவிடும். திருகு மூடியா, தக்கையா என்பதும் துப்புதான். ஒரே மாதிரி ஜாடிகள் இருந்தால் அவற்றில் ஊற்றி எண் ஒட்டிவிடுங்கள். சுற்றுவது ஒருவர், எண் போடுவது இன்னொருவர் என்று பிரித்துவிட்டால் முழுக் கணக்கும் எவர் கையிலும் இருக்காது. எங்கள் வீட்டில் எண் போடுவது குடிக்காத என் மனைவி. அவளுக்கு இதில் இருக்கும் சந்தோஷம் எங்கள் யாருக்கும் இல்லை.

ஒரு போத்தலை இரண்டு எண்ணில் வையுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து போத்தல், ஆறு ஜாடி. எங்கள் லோரிக்கார நண்பர் மூன்றாம் எண்ணுக்கு 10க்கு 8 போட்டார், ஆறாம் எண்ணுக்கு 4. “ஆறு என்னாடா, கள்ளு மாதிரி புளிக்குது லா” என்று தள்ளியும் வைத்தார். இரண்டும் ஒரே 60 வெள்ளிப் போத்தல். அன்றிலிருந்து அவருக்குப் பெயரே ‘மூணாம் நம்பர்’. அவரைப் பார்த்து மட்டும் சிரித்துப் பயனில்லை. அவரவர் தாளைப் பார்த்தபோது மற்ற ஐந்து பேரில் மூவரும் அதே குழியில் விழுந்திருந்தோம். தன்னோடு தானே ஒத்துப்போகாத நாக்கு 250 வெள்ளிக்குத் தீர்ப்புச் சொல்லலாமா என்பதை இந்த ஒரு தந்திரம் பத்து நிமிடத்தில் காட்டிவிடும்.

சிவப்பு ஒயினையும் குளிர வையுங்கள். ‘அறை வெப்பத்தில் பரிமாறவும்’ என்று எழுதியவரின் அறை கெடாவில் இல்லை. அவருடையது 16, 18 டிகிரி, நம்முடையது 30. அந்தச் சூட்டில் எந்தச் சிவப்பும் மருந்து மாதிரி மூக்கில் ஏறும். ஐஸ் பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். எல்லாப் போத்தலுக்கும் அதே அரை மணி.

அளந்து ஊற்றுங்கள். ஆளுக்கு 30 மில்லி. இருமல் மருந்துக் குவளை கச்சிதம். துப்புவதற்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் குவளை. துப்பச் சொன்னால் நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள், வெற்றிலை போட்டுத் துப்பிய பரம்பரை என்று நினைவுபடுத்துங்கள்.

வாயைத் திறக்கும் முன் எழுதுங்கள். ஒருவர் “நல்லாருக்கே” என்றால் அடுத்த மூவர் தலையாட்டுவார்கள், அதுவும் முதலில் சொன்னவர் ஆசிரியராக இருந்தால். தாளில் எழுதி மடித்து வைத்த பிறகுதான் பேச்சு.

எழுதும்போது உங்கள் சொல்லையே எழுதுங்கள். போத்தலின் பின்பக்கத்தில் கருந்திராட்சை, செடார் மரம், காட்டுப் பெர்ரி என்று என்னென்னவோ இருக்கும். நாம் தின்னாத பழத்தை நாக்கு எப்படி அடையாளம் காணும்? அறுசுவையில் துவர்ப்புக்கென்று தனி இடம் கொடுத்த மொழி நம்முடையது. வாழைப்பூத் துவர்ப்பு வேறு, பாக்குத் துவர்ப்பு வேறு, பிஞ்சு கொய்யா வேறு. சிவப்பு ஒயினை எழுத வேறென்ன வேண்டும்? நாவல்பழம், பழம்புளி, கருப்பட்டி, அடுப்புக்கரி என்று எங்கள் தாள்களில் வந்தன. கூலிமிலிருந்து வரும் தொழிற்சாலைத் தோழர் ஒரு ஜாடியை முகர்ந்துவிட்டு “கட்டிப்பால் சாக்கு” என்று எழுதினார், உறைந்த ரப்பர் பாலைச் சேர்க்கும் சாக்கு. அனைவரும் சிரித்தோம். முகர்ந்து பார்த்தால் உண்மைதான். ஒயினில் கந்தகச் சேர்மங்கள் மிஞ்சினால் ரப்பர் வாடை வரும், அது அறியப்பட்ட குறை. பால்மரத்தடியில் வளர்ந்த மூக்குக்கு அதைக் கண்டுபிடிக்கப் பாடமே வேண்டாம். அந்த ஜாடி எது தெரியுமா? 250 வெள்ளி.

செய்யக்கூடாதவை

சுவைக்கும் நேரத்தில் சாமியறை ஊதுபத்தி, கொசுவத்தி, கோடாலித் தைலம், தலையில் மல்லிகை எதுவும் வேண்டாம். ஒயினின் பாதிச் சுவை மூக்கில்தான். விளக்கேற்றி ஒரு மணி நேரம் கழித்து உட்காருங்கள். டுரியான் பருவம் என்றால் அந்த மாதத்தையே விட்டுவிடுங்கள்.

கோழி வறுவலை முன்னால் வைக்காதீர்கள். மிளகாய்க் காரம் ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டும், துவர்ப்பைக் கசப்பாக்கும். மலிவு, உசத்தி எல்லாம் ஒன்றாகிவிடும். சுவைத்து முடிக்கும்வரை கிரீம் கிராக்கர் ரொட்டி, தண்ணீர். வறுவல் அதற்கப்புறம், தடையில்லை.

விலைக்குறிப்பைச் சொல்லாதீர்கள், சாடையாகக்கூட வேண்டாம். 2008இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கலிஃபோர்னியாவில் 20 பேரை மூளை வருடிக்குள் படுக்கவைத்து ஒயின் கொடுத்தார்கள். 90 டாலர் ஒயினையே ஒருமுறை 90 என்றும் ஒருமுறை 10 என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்று கேட்டபோது அதிகம் பிடித்தது என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, இன்பத்தை உணரும் மூளைப்பகுதியும் அப்போது கூடுதலாகவே வேலை செய்தது. அலமாரிப் போத்தலின் விலையைச் சொல்லி ஊற்றும் நம் மாமாக்கள் இதை ஆய்வில்லாமலே அறிந்தவர்கள்.

இதை வைத்து ‘விலை உயர்ந்ததெல்லாம் ஏமாற்று’ என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம். அதே ஆண்டு அமெரிக்காவில் 6,000க்கு மேற்பட்ட மறைச் சுவைப்புகளை அலசியவர்கள், பயிற்சியில்லாதவர்களுக்கு விலை கூடிய ஒயின் இம்மி குறைவாகவே பிடித்தது என்று கண்டார்கள், பயிற்சி பெற்றவர்களிடம் அப்படி இல்லை. 1976 மே 24 அன்று பாரிஸில் பிரெஞ்சு நடுவர்களே பெயர் தெரியாமல் சுவைத்து, கலிஃபோர்னிய ஒயின்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள். அவர்கள் நாக்கு தெரிந்தவர்கள்தான். பெயரை மறைத்ததுதான் அவர்களைத் தம் ஊர்ப்பெருமையிலிருந்து விடுவித்தது.

தோற்ற போத்தலைக் கொண்டுவந்தவரைக் கிண்டல் செய்யாதீர்கள். எங்களில் ஒருவர் அதற்கப்புறம் வரவே இல்லை. செலவை ஆறாகப் பங்கிட்டுப் பொதுவில் வாங்கினால் இந்தத் தொல்லை கிடையாது.

குடிக்காதவரை வற்புறுத்தாதீர்கள். முஸ்லிம் நண்பரை இந்த மேசைக்கு அழைக்காதீர்கள், அவருக்கு அது சட்டச் சிக்கல். 21 வயது ஆகாத பிள்ளைக்கு ‘ஒரு சொட்டுதானே’ என்று நீட்டாதீர்கள். முக்கியமாக, அம்மா ‘இந்த வீட்டில் வேண்டாம்’ என்றால் வேறு வீடு பாருங்கள். தோட்டத்திலேயே நிர்வாகம் கள்ளுக்கடை வைத்து, கொடுத்த சம்பளத்தை அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்ட காலத்தை அவர்கள் வீட்டிலிருந்து பார்த்தவர்கள். பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி திரட்டிய தொண்டர் படை கள்ளுக்கு எதிராக எழுந்ததும், 1947இல் போலீஸோடு மோதல் வந்ததும் இதே கெடாவில்தான். என் பாட்டிக்கு ஒயின் கிளாஸ் வேறு, கள்ளுக் குவளை வேறு இல்லை. தாத்தாவோ பெயர்ச்சீட்டு இல்லாத கள்ளை முகர்ந்தே காலையில் இறக்கியதா, பொழுது சாய்ந்து புளித்ததா என்று சொல்லிவிடுவாராம். எங்கள் குடும்பத்தின் முதல் மறைச் சுவைப்பாளர். பாட்டியிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன், பதில் வரவில்லை.

ஆள் அறியாத இடத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலிச் சரக்கு பலரைக் கொன்றது. விலை வேறுபாட்டைச் சோதிக்கும் விளையாட்டில் அடிமட்ட விலைக்கும் ஓர் எல்லை உண்டு.

வண்டி ஓட்டாதீர்கள். ஆறு ஜாடி, 30 மில்லி என்றால் 180 மில்லி. துப்பாமல் விழுங்கினால் ஏறக்குறைய 20 கிராம் ஆல்கஹால். 2020 அக்டோபரிலிருந்து ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம்தான் வரம்பு. மீறினால் முதல் தடவையே 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறையும் உண்டு. லூனாஸிலிருந்து வருபவர் எங்கள் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுத்துவிடுவார்.

மிச்சத்தைக் கொட்டாதீர்கள். மூடி ஐஸ் பெட்டியில் வைத்து மறுநாள் மாலை, எண்ணை மாற்றி ஒட்டி, இன்னொரு தடவை சுவையுங்கள். அந்தக் கட்டிப்பால் ஜாடி மறுநாள் வாடை போய் வேறு ஆளாக இருந்தது. மூணாம் நம்பர் அதற்கு 9 போட்டார். அவர் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.